செடி வைத்த மீன்தொட்டியில் நத்தை பெருகினால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

தொட்டிக் கண்ணாடியில் கடுகளவு புள்ளி ஒன்று மெல்ல ஊர்வது கண்ணில் பட்டால், செடிகளுக்கு நடுவில் இன்னும் இருபது முப்பது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை செடியோடு வந்தவை. இலையின் அடியில் பசைத்துளி போல ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்து, நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும். குட்டிகள் ஒன்றரை மாதத்திலேயே முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும்.

புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் இந்தக் கட்டத்தில்தான் தவறு செய்கிறார்கள். நேராகக் கடைக்குப் போய் நத்தை மருந்து வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். செடியோடு வரும் இந்தச் சின்ன நத்தைகள் மீனுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. அந்த மருந்து செய்யும். எனவே அவசரம் வேண்டாம். என்ன நத்தை, எதைத் தின்று பெருகுகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகு கை வைத்தால் போதும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

இங்குள்ள தொட்டிகளில் அதிகம் பெருகுபவை மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலாவது பிளாடர் நத்தை. பழுப்பு நிறம், மெல்லிய ஓடு, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது குறைவு. கண்ணாடியில் வேகமாக ஓடுவதும் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாக மிதந்து போவதும் இதுதான். ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர். வலப்பக்கம் இருந்தால் அது குளத்து நத்தையான லிம்னியா. உணர்கொம்பும் காட்டிக்கொடுக்கும்: பிளாடருக்கு நூல் போல மெலிந்தது, லிம்னியாவுக்கு முக்கோணமாகப் பட்டையானது. ஏன் பார்க்க வேண்டும் என்றால், லிம்னியா பெரிதாக வளர்ந்தால் மெல்லிய இலைகளை உண்மையாகவே மேயும், பிளாடர் மேயாது.

இரண்டாவது ராம்ஸ்ஹார்ன். ஆட்டுக்கடா கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ஓடு. பழுப்பிலும் இருக்கும், சிவப்பிலும் இருக்கும். அதன் ரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. உடலில் கருநிறம் இல்லாத வகைகளில் அந்தச் சிவப்பு வெளியே தெரிகிறது. முட்டை, மஞ்சள் கலந்த பழுப்பில் வட்டமான தட்டையான பசையாகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். பிளாடர் முட்டை நிறமற்ற நீளவாட்டுப் பசை. இந்த இரண்டு நத்தைகளுமே ஆணும் பெண்ணும் ஒரே உடலில் கொண்டவை. பிளாடருக்குத் துணைகூட வேண்டாம். ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் குடும்பம் ஆகிவிடும்.

மூன்றாவது மலேசியன் ட்ரம்பட். நீளமான கூம்பு ஓடு, வாயை மூடிக்கொள்ளக் கடினமான ஒரு மூடி. முட்டையிடாது, குட்டி போடும். ஆண் இல்லாமலேயே போடும். பகலில் மணலுக்குள் புதைந்திருந்து விளக்கணைந்த பிறகு வெளியே வரும். அதனால்தான் பலர் 'பத்து இருக்கும்' என்று சொல்லும் தொட்டியில் இருநூறு இருக்கிறது. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், கணக்கு தெரியும்.

இவை தவிர இரண்டைத் தவறாக நினைத்துப் பயப்பட வேண்டாம். கட்டையிலும் கண்ணாடியிலும் எள் மாதிரி கெட்டியான வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது நெரைட் நத்தையின் முட்டை. நன்னீரில் அது பெருகாது. தண்ணீருக்கு மேலே, மூடிக்குக் கீழே இளஞ்சிவப்பில் கொத்தாக முட்டை இருந்தால் அது கடையில் வாங்கிய ஆப்பிள் நத்தை வகை. கொத்தை அப்படியே பெயர்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வயலில் பிடித்த பெரிய நத்தையை மட்டும் ஆசைக்குக்கூடத் தொட்டியில் விடாதீர்கள். செடிதான் அதற்குச் சாப்பாடு.

இலையில் ஓட்டை: நத்தையா, உரக்குறையா?

ஓட்டை விழுந்த இலையின் மேல் நத்தை உட்கார்ந்திருந்தால் பழி நத்தைக்குப் போகிறது. பெரும்பாலும் அது பொட்டாசியம் குறைவு. பழைய இலைகளில் முதலில் ஊசிமுனை அளவு புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் அல்லது பழுப்பு வளையம், பிறகு ஓட்டை என்று வந்தால் நத்தை குற்றவாளியல்ல. ஏற்கெனவே செத்த இலைத்திசுவைத்தான் அது சுரண்டிக்கொண்டிருக்கிறது. ஜாவா ஃபெர்ன், ஹைக்ரோஃபிலா செடிகளில் இது நன்றாகத் தெரியும். நத்தையை முழுக்க எடுத்த பிறகும் ஓட்டை விழுந்துகொண்டேயிருக்கும். உரம் போட்டால்தான் நிற்கும். ஏற்கெனவே ஓட்டையான இலை மூடிக்கொள்ளாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உணவைக் குறைக்காமல் எதுவும் பலிக்காது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நத்தையின் எண்ணிக்கையை முடிவு செய்வது நத்தை அல்ல, தொட்டியில் தினமும் மீந்துபோகும் உணவு. நூறு நத்தை வாழும் அளவுக்கு மீதி விழுந்தால் நூறு நத்தை இருக்கும். ஐம்பதை எடுத்துப் போட்டால், மிச்சமுள்ள ஐம்பதுக்குச் சாப்பாடு இரட்டிப்பாகிறது. அவை அதிகமாக முட்டையிட்டு ஒரே மாதத்தில் பழைய கணக்குக்கு வந்துவிடும். 'எடுக்க எடுக்க வருகிறது' என்பவர்களின் தொட்டியில் நடப்பது இதுதான்.

இன்று உணவு போடும்போது கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்காத எல்லாம் நத்தைக்குப் போகிறது. 60 லிட்டர் தொட்டியில் பத்து டெட்ரா இருந்தால், நுணுக்கிய ஃப்ளேக்ஸ் இரண்டு விரல் நுனியில் ஒட்டும் அளவே ஒரு வேளைக்குப் போதும். டப்பாவை நேராகத் தொட்டிக்கு மேல் கவிழ்த்துத் தட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். உள்ளங்கையில் கொட்டி எடுத்துப் போடுங்கள். வளர்ந்த மீன்களுக்கு நாளுக்கு ஒரு வேளை போதும், வாரத்தில் ஒரு நாள் பட்டினியும் போடலாம். குஞ்சு மீன் வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போட்டே ஆக வேண்டும், நத்தை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

கோரிடோராஸ், ப்ளெக்கோ மாதிரி தரையில் மேயும் மீன் வைத்திருப்பவர்கள் இரவில் ஒரு வில்லையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அந்த வில்லையில் பாதி நத்தைக்குத்தான் போகிறது. சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மணலில் வைத்து அதில் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தோடு எடுத்துவிடலாம், கூடவே ஏறிய நத்தைகளும் வெளியே வரும்.

மீந்த தீனிக்கு அடுத்தது அழுகும் இலை. மஞ்சளான இலை, உதிர்ந்த தண்டு, கண்ணாடியைப் போல மெலிந்துபோன இலை எதுவானாலும் அன்றே கத்தரித்து எடுங்கள். புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் முதல் சில வாரங்களில் இலைகளை மொத்தமாகக் கரைத்துக்கொட்டும். அதே சமயத்தில் கண்ணாடியில் பழுப்புப் பாசியும் படியும். இரண்டும் சேர்ந்தால் நத்தைக்கு விருந்து. அதனால்தான் தொட்டி வைத்த இரண்டாவது மாதத்தில் நத்தை திடீரென்று பெருகுகிறது. செடி வேர்பிடித்து, பாசி அடங்கினால் இந்த முதல் அலை பெரும்பாலும் தானாகத் தணியும். அந்த நேரத்தில் பயந்துபோய் மருந்து ஊற்றுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. இன்னும் நாலு வாரம் பொறுத்திருந்தால் போதுமே.

வாரம் ஒரு முறை 25 சதவீதத் தண்ணீரை மாற்றும்போது சைஃபன் குழாயைச் செடிகளின் அடியில் கொண்டுபோய்க் கசடை உறிஞ்சுங்கள். வெறும் கூழாங்கல் என்றால் குழாயை உள்ளே குத்தலாம். செடிக்கென்றே விற்கும் உருண்டை மண்ணான அக்வா சாயில் என்றால் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் போதும். உள்ளே குத்தினால் மண் உடைந்து தண்ணீர் கலங்கும்.

உணவைக் குறைத்த மறுநாளே ஒன்றும் மாறாது. முதலில் முட்டைகள் குறையும், மூன்று நாலு வாரத்தில் குட்டிகள் குறையும். வளர்ந்த நத்தைகள் அதற்குப் பிறகும் இருக்கும், அவற்றைத்தான் கையால் எடுக்க வேண்டும்.

பொறி வைத்துப் பிடிப்பது

நம் சமையலறையில் இருக்கும் வெள்ளரிக்காய்தான் சிறந்த தூண்டில். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வில்லையாக நறுக்கி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆற வையுங்கள். பச்சையாகப் போட்டால் மிதக்கும், மணமும் குறைவு. ஒரு ஸ்டீல் முள்கரண்டியில் குத்தித் தரையில் படும்படி வையுங்கள். விளக்கணைக்கும்போது வைத்து, மூன்று மணி நேரம் கழித்தோ விடியற்காலையிலோ வலையை அடியில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூக்குங்கள். வலை இல்லாமல் தூக்கினால் பாதி நத்தை கீழே உதிர்ந்துவிடும். விளக்கு எரிந்த பிறகு போனால் ட்ரம்பட்கள் மணலுக்குள் இறங்கியிருக்கும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காயை உள்ளே விடாதீர்கள். அது கரைந்து அதுவே தீனியாகிவிடும். இரண்டு வாரம் தினமும் வைத்தால்தான் பலன் தெரியும். ஒரு நாள் வைத்து ஐம்பது பிடித்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

மீன்கள் வில்லையை மொய்த்து நத்தையை அண்டவிடாவிட்டால் பாட்டில் பொறி செய்யலாம். அரை லிட்டர் குடிநீர் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றி, புனல் மாதிரித் தலைகீழாக உள்ளே செருகுங்கள். உள்ளே வெந்த வெள்ளரித் துண்டும் எடைக்கு இரண்டு கூழாங்கல்லும். காற்று முழுவதும் வெளியேறும்வரை தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்துவிட்டுத் தரையில் படுக்க வையுங்கள். ஒரு எச்சரிக்கை: சின்ன மீனும் இறாலும் புனல் வழியே உள்ளே போகும். உள்ளே தண்ணீர் ஓட்டம் இல்லாததால் அதிக நேரம் மாட்டினால் மூச்சுத் திணறிவிடும். காலையில் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்.

முட்டைகளுக்குப் பழைய ஏடிஎம் அட்டை போதும். கண்ணாடியில் இருப்பதைச் சுரண்டி, கையோடு சைஃபன் வாயை அருகில் பிடித்து உறிஞ்சிவிடுங்கள். வெறுமனே சுரண்டிக் கீழே தள்ளினால் முட்டை சாகாது, மணலில் கிடந்தே பொரியும். அனுபியாஸ் போன்ற தடித்த இலைகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று தட்டுப்படும். நகத்தால் பெயர்த்து எடுங்கள். இரண்டு மூன்று நத்தைகளைக் கண்ணாடியிலேயே நசுக்கி மீனுக்குத் தீனியாக விடுவதில் தவறில்லை, மீன்கள் ஓடி வந்து தின்னும். ஒரே நாளில் முப்பது நசுக்கினால் அது தொட்டியில் இறைச்சி போட்டு அழுகவிடுவதற்குச் சமம்.

ஃபில்டரையும் மறக்காதீர்கள். ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் உறை மாட்டாவிட்டால் குட்டி ட்ரம்பட்கள் உள்ளே போய், மோட்டாரில் சுழலும் விசிறியான இம்பெல்லரில் சிக்கும். கடகடவென்று சத்தம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். அதன் ஓடு கெட்டியானது, மோட்டாரையே நிறுத்திவிடும்.

நத்தை தின்னும் உயிர்கள்

இதில் நாங்கள் மனதார சொல்வது அசாசின் நத்தை ஒன்றைத்தான். மஞ்சளும் பழுப்பும் பட்டை பட்டையாக இருக்கும், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, மற்ற நத்தைகளைத் தின்று வாழ்வது. செடியைத் தொடாது. 60 லிட்டருக்கு நான்கு முதல் ஆறு விடலாம். மணலில் புதைந்திருந்து வேட்டையாடும் என்பதால் ட்ரம்பட்களைக்கூட விடாது. மந்திரம் மாதிரி மறுநாளே காலியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மாதம் ஆகும். முட்டைகளை அது பெரிதாகத் தின்பதில்லை. தொட்டியில் ஆசையாக வளர்க்கும் நெரைட் அல்லது ஆப்பிள் நத்தை இருந்தால் அசாசின் விடக்கூடாது, அவற்றையும் பிடிக்கும். ஆண் பெண் தனித்தனி, சதுரமான சின்ன உறைக்குள் ஒவ்வொரு முட்டையாக இடும். எனவே பெருகினாலும் மெதுவாகத்தான்.

மீன் என்றதும் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது க்ளவுன் லோச். கையளவுக் குட்டித் தொட்டிக்கும் கொடுக்கிறார்கள். அது 25 செ.மீ.க்கு மேல் வளரும், கூட்டமாக வாழ வேண்டிய மீன், பல ஆண்டுகள் இருக்கும். நத்தைக்காக அதை வாங்குவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. யோயோ லோச்சும் 12 செ.மீ. தாண்டும். ஐந்தாறு செ.மீ.யோடு நிற்கும் ட்வார்ஃப் செயின் லோச் மட்டும் 100 லிட்டர் தொட்டியில் ஆறேழாக வைக்கத் தோதானது. அது கிடைப்பது அரிது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் குட்டி பஃபர் மீனும் நத்தையை விரும்பித் தின்னும். ஒரு அங்குல மீன், பார்க்கவும் அழகு. ஆனால் கூட இருக்கும் மீன்களின் வால் துடுப்பைக் கடிக்கும், கப்பியோடும் பெட்டாவோடும் வைக்கவே கூடாது. காட்டில் அதன் எண்ணிக்கை குறைந்து, அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதே மலைகளின் ஸீப்ரா லோச் அதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. தொட்டி நத்தைக்காக ஆற்றிலிருந்து பிடித்த இந்த மீன்களை வாங்காதீர்கள். பஃபருக்கென்றே தனித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் உங்கள் நத்தைகளை அவரிடம் கொடுங்கள், அதுதான் சரியான வழி.

பெட்டாவும் கௌராமியும் குட்டி நத்தைகளைக் கொத்தும். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

மருந்து ஏன் வேண்டாம்

நத்தை மருந்துகளில் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது செம்பு. செம்பு நத்தையைக் கொல்லும் அளவுக்கு இருந்தால் இறாலைக் கட்டாயம் கொல்லும், மென்மையான செடிகளையும் கருக்கும். மணலிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு பிறகு வைக்கும் இறாலுக்கும் ஆபத்தாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்து நன்றாக வேலை செய்தால் வருவது. இருநூறு நத்தை ஒரே இரவில் மணலுக்குள் செத்து அழுகினால் அம்மோனியா ஏறும். சென்னை போர்வெல் தண்ணீர் மாதிரி பிஹெச் 8ஐ ஒட்டிய கடின நீரில், 30 டிகிரி வெப்பத்தில், அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகிறது. வெப்பத்தில் நீரில் கரையும் பிராணவாயுவும் குறைவு. மீன் செத்த பிறகு 'மருந்து அளவு சரியாகத்தானே போட்டேன்' என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். உப்பும் தீர்வல்ல. நத்தை சாகும் அளவுக்கு உப்புப் போட்டால் செடி முதலில் போய்விடும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? கண்ணில் படும் செத்த நத்தைகளை எல்லாம் எடுங்கள். பாதித் தண்ணீரைக் குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை வையுங்கள், ஏர் பம்பை இரவு பகல் ஓட விடுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் மறுநாளும் பாதி மாற்றுங்கள். அம்மோனியா சோதனைத் திரவம் கையில் இருந்தால் அது பூஜ்யம் காட்டும்வரை இதைத் தொடர வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் ட்ரம்பட்கள் எல்லாம் மணலை விட்டுக் கண்ணாடியில் மேலே ஏறி நின்றால், மருந்து போடாத தொட்டியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பிராணவாயு குறைந்தாலோ தண்ணீர் கெட்டாலோ மீனுக்கு முன்பே அது சொல்லிவிடும். நாலு ட்ரம்பட் தொட்டியில் இருப்பது நல்லது என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மணலைக் கிளறிக் கொடுப்பது இன்னொன்று.

புதுச் செடியைத் தொட்டிக்குள் விடும் முன்

சோதனைக்கூடத்தில் கோப்பையில் வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் செடி வாங்கினால் நத்தை வராது. விலை கூடுதல், வெளிக்காற்றுக்கு வந்ததும் கொஞ்சம் வாடும், ஆனாலும் முதல் தொட்டிக்கு இதுதான் நிம்மதி. சென்னை கொளத்தூர் மீன்கடைகளின் திறந்த தொட்டியில் கட்டாக விற்கும் செடி என்றால், நத்தை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி, குளத்திலிருந்து செடி பறித்து வராதீர்கள். அங்குள்ள நத்தைகள் கால்நடைகளைத் தாக்கும் தட்டைப்புழுக்களைச் சுமப்பவை. அவற்றிலிருந்து வெளிவரும் சிறு புழுக்கள் நம் தோலிலும் அரிப்பைக் கிளப்பும்.

வீட்டுக்கு வந்ததும் சின்னப் பிளாஸ்டிக் கூடையையும் வேரைச் சுற்றிய ராக்வூல் பஞ்சையும் கழற்றி வீசுங்கள். முட்டை ஒளிந்திருக்கும் முதல் இடம் அதுதான். செடிக்கட்டைச் சுற்றியிருக்கும் ஈயப்பட்டையும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையின் அடியையும் விரலால் துடையுங்கள், கெட்டுப்போன இலைகளைக் கிள்ளுங்கள். அதன் பிறகு படிகாரம் அல்லது ப்ளீச்.

படிகாரம் எல்லாச் செடிக்கும் பாதுகாப்பானது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைப்பதை வாங்கி இடித்துப் பொடியாக்குங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. முழுக்கக் கரைந்த பிறகு செடியை முழுதாக அமிழ்த்தி ஒரு நாள் முழுக்க வையுங்கள். மிதக்கும் செடி மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் அமிழ்ந்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நத்தைகள் உதிர்ந்துவிடும், ஆனால் முட்டைக்கு ஒரு நாள் வேண்டும். எடுத்த பிறகு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். படிகாரம் தொட்டிக்குள் போனால் தண்ணீரின் பிஹெச் இறங்கும்.

ப்ளீச் வேகமானது, ஆனால் எல்லாச் செடிக்கும் ஆகாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், தடித்த தண்டுள்ள செடிகளுக்கு மட்டும். வாலிஸ்நேரியா, கபோம்பா, ஹைட்ரில்லா, மாஸ் வகைகள் ப்ளீச்சில் வெளுத்துக் கரைந்துவிடும், அவற்றுக்குப் படிகாரமே. வாசனையும் சோப்பும் சேராத திரவ ப்ளீச்சாகப் பாருங்கள். ப்ளீச்சிங் பவுடர் இதற்குப் பதிலாகாது, அதன் வீரியம் வேறு.

1. மூன்று வாளி எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 50 மி.லி. ப்ளீச்சும் 950 மி.லி. தண்ணீரும், அதாவது ஒன்றுக்குப் பத்தொன்பது. இரண்டாவதில் வெறும் தண்ணீர். மூன்றாவதில் தண்ணீரோடு, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் வழக்கமான அளவைப் போல மூன்று மடங்கு.

2. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதே வாளியில் வினிகரோ கழிவறைத் திரவமோ படவே கூடாது, நச்சு வாயு வரும்.

3. தண்டுச் செடி ஒன்றரை நிமிடம், அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இரண்டு நிமிடம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் தாண்டினால் நல்ல செடியும் போகும். வேரை முடிந்தவரை வெளியே பிடியுங்கள்.

4. இரண்டாவது வாளியில் நன்றாக ஆட்டி அலசி, மூன்றாவதில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். முகர்ந்தால் ப்ளீச் வாடை துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி புதுத் தண்ணீர், புது ஆன்டி குளோரின்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொள்ளும் ட்ரம்பட்டுக்கு இரண்டு நிமிட ப்ளீச் போதாது. அதைக் கண்ணால் பார்த்து வேர்களிலிருந்து பொறுக்கத்தான் வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் முக்கும் பழக்கமும் இருக்கிறது. முட்டைகள் அதில் தப்பிவிடுவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் செடியைத் தனி வாளியில் நாலு வாரம் காக்க வைக்கலாம். 15 லிட்டர் வாளி, ஜன்னலோர வெளிச்சம், சின்ன ஏர் பம்ப். மூன்று நாளுக்கு ஒரு முறை வெள்ளரித் துண்டு போட்டு வந்த நத்தைகளை எடுங்கள், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். வாளியின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். இல்லாவிட்டால் நத்தையை ஒழிக்கப் போய் டெங்குக் கொசு வளர்த்ததாகிவிடும். கடைசிப் பத்து நாளில் ஒரு நத்தைகூட வரவில்லை என்றால்தான் செடியைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

மீன் வாங்கி வரும் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். நண்பர் தொட்டியில் போட்ட வலையையும் சைஃபனையும் காய வைத்த பிறகே உங்கள் தொட்டியில் போடுங்கள்.

ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றால்

தொட்டியை முழுக்கக் கலைக்க வேண்டும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, செடிகளை மேலே சொன்னபடி முக்கி, கூழாங்கல்லையும் மணலையும் கொதிக்க வைத்து, அக்வா சாயிலை அப்புறப்படுத்தி, கண்ணாடியைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியாவும் இருக்கும், நத்தைக் குட்டியும் இருக்கும். அதைக் கொதிக்க வைத்தால் அந்தப் பாக்டீரியாவை முதலிலிருந்து வளர்க்க வேண்டும், வைக்காவிட்டால் நத்தை அதில் திரும்பி வரும். இவ்வளவும் செய்து அடுத்த செடியை அப்படியே நட்டால் மறுபடியும் அதே கதை. 60 லிட்டர் தொட்டியில் பத்துப் பதினைந்து நத்தைகள் கண்ணாடிப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

எடுத்த நத்தைகளை எங்கே போடுவது

சாக்கடையிலும் ஏரியிலும் கழிவறையிலும் போடாதீர்கள். நம் நீர்நிலைகளுக்குப் புது இனத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அதுதான். பையில் போட்டு இறுகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். பிறகு நசுக்கி, மாடித்தோட்டத் தொட்டியில் நாலு அங்குல ஆழத்தில் புதையுங்கள். ஓட்டின் சுண்ணாம்பு செடிக்கு ஆகும், ஆழத்தில் இருந்தால் நாற்றமும் வராது, எறும்பும் மொய்க்காது. சைஃபன் செய்த தண்ணீரையும் தோட்ட மண்ணிலேயே ஊற்றுங்கள், முட்டை காய்ந்து போகும். வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.